பழம் பேனாவின் பிறப்பறிதல்

ஸ்ரீரங்கத்து உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் உள்ள பழைய இல்லங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் அடுக்கு மாளிகைகள் எழுந்து வருதலை யாவரும் அறிவர். வீடு இடிபடுமுன் பரணும் பெட்டகமும் ஒழிக்கப்படுகின்றன. பித்தளைப் பாத்திரங்கள் எடைக்குப் போகின்றன. ஓலைச்சுவடி இருப்பின் அதனை வேண்டிப் பெறுவார் சிலர் உளர். தேக்குத் தூண்களையும் நிலைகளையும் விலைபேச வணிகர் தாமே தேடி வருகின்றனர். ஆனால் பெட்டகத்தின் மூலையிலே, சுண்ணாம்பு டப்பிக்கும் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவே, மை வறண்டு கிடக்கும் பழைய பௌண்டன் பேனாவை என் செய்வதென்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அது குழந்தைகள் கைக்கு விளையாட்டுப் பொருளாகின்றது. அன்றேல் பழைய காகிதக்காரனுடைய சாக்கினுள் வீழ்கின்றது.

இவ்வாறு வீழ்வனவற்றுட் சில ஜப்பானிய நாட்டுப் பேனாக்கள். அவற்றை உலகெங்கும் தேடித் திரிவோர் இன்று பலர் உளர். நம் திருச்சிராப்பள்ளியிலும் சிலர் உளர். அவர்களுடைய தேட்டத்தை வீண் வேலையென்று நான் சொல்ல வரவில்லை. அதனை ஓர் ஆராய்ச்சியாகவே கருதுகின்றேன். ஆயினும் அவ்வாராய்ச்சி நம்மூரில் நடைபெறும் முறை நேரியதன்று என்பது என் துணிபு. அதனைக் காரணங் காட்டி உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், ஜப்பானியப் பேனா காவிரிக் கரைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்று கேட்பார்க்கு விடை கூறவேண்டும். வழி கடல்வழியே. பைலட் என்னும் பேனாவைச் செய்த நாமிகி நிறுவனத்தார் 1926-ம் ஆண்டில் நியூயார்க், லண்டன், ஷாங்காய், சிங்கப்பூர் ஆகிய நான்கு நகரங்களிலும் தம் கிளைகளைத் திறந்தனர். அவ்வாண்டிலேதான் ராஜுலா என்னும் நீராவிக் கப்பலும் முதன்முதல் நீரில் இறங்கிற்று. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டு போய் வந்த அக்கப்பல் 1973 வரை அப்பெயருடனே ஓடியது. மலேயாவிலே தோட்டத்துக் கணக்கராகவும், ரெயில்வே உத்தியோகஸ்தராகவும், கடை நடத்துவோராகவும் இருந்த சோழநாட்டார் விடுமுறைக்கு வரும்போது தகரப் பெட்டிகளில் கொணர்ந்தவை பல. மல்லுத் துணியும் பிஸ்கோத்து டப்பியும் செலவழிந்து போயின; பேனா மிஞ்சிற்று. நாகப்பட்டினத்திலே இறங்கிய பெட்டி தஞ்சாவூர் வழியாக ரெயிலேறித் திருச்சிராப்பள்ளி வந்து சேர எத்துணை நேரமாகும்? ஆதலின் லண்டனில் விற்ற அலங்காரப் பேனாக்களை இங்கே தேடுதல் பெரும்பாலும் பயனற்றது; சிங்கப்பூரில் எழுத்துவேலைக்காரர் வாங்கிய நல்ல நடுத்தரப் பேனாக்களைத் தேடுதல் தக்கது. தேடுவோர் பலர் இந்த வேறுபாட்டை நோக்காமல் மயங்குகின்றனர்.

காலவரையறையும் இதனோடு தொடர்புடையதே. 1941-ம் ஆண்டின் இறுதியில் போர் மூண்டதும் ஜப்பானியச் சரக்கு நம் துறைமுகங்களுக்கு வருவது அறவே நின்றது. போர் முடிந்து அந்நாடு அந்நியப் படைகளின் ஆட்சியில் இருந்த காலத்திலே, 1947 முதல் 1952 வரை, ஏற்றுமதிப் பொருள்களின் மீது ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’ என்னும் முத்திரை இடப்பட்டது. அம்முத்திரையுடைய பேனாவுக்குச் சோதிடம் பார்க்க வேண்டியதில்லை. அதன்பின் நம் நாட்டுச் சர்க்கார் அந்நியப் பேனாக்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினமையால், மீண்டும் வரவு குறைந்தது. ஆகவே இங்கே கிடைக்கும் ஜப்பானியப் பேனா போருக்கு முந்தியதாகவேனும், அந்தச் சில ஆண்டுகளுக்கு உரியதாகவேனும், பிற்காலத்தே கப்பற் பிரயாணி ஒருவர் சட்டைப் பையில் வந்ததாகவேனும் இருத்தல் கூடும்.

இனி அப்பேனாக்களின் குலவரலாற்றைச் சிறிது காண்போம். ஜப்பானியர் பௌண்டன் பேனாவை ‘மான்னென்ஹிட்சு’ என்பர். பதினாயிரம் ஆண்டு எழுதும் தூரிகை என்பது அதன் பொருள். முதலில் அவர்கள் எழுதியது மேனாட்டுப் பேனாவைக் கொண்டே. ஒனோட்டோ என்னும் லண்டன் பேனா தோக்கியோவில் மாருசென் என்னும் புத்தகக் கடையாரால் விற்கப்பட்டுப் பெரும் பெயர் பெற்றது. நாவலாசிரியர் நத்சுமே சோசெகி 1912-ல் பேனாவைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார் என்றால் அக்காலத்து அந்நாட்டார்க்கு இப்பொருளில் இருந்த ஈடுபாடு விளங்கும். பின்னர்ச் சுதேசி முயற்சிகள் தோன்றின. 1911-ல் சகாத்தா கியூகோரோ என்பார் கூரே என்னும் கடற்படைத் துறைமுகத்திலே தொடங்கியது செய்லர். 1918-ல் நாமிகி ரியோசுகே, வாடா மசாவோ என்னும் நண்பர் இருவர் தொடங்கியது பைலட். 1919-ல் நகாத்தா ஷுனிச்சி தொடங்கியது பிளாட்டினம். நாமிகி கப்பற்றொழிற் கலாசாலையில் ஆசிரியராயிருந்தவர். பைலட் என்பது துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டுவோனைக் குறிக்கும் பெயர் என்பதும், செய்லர் என்பது மாலுமியைக் குறிப்பதென்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கன. இம்மூன்று நிறுவனங்களும் இன்றும் உள்ளன. இவையன்றிச் சிறு பட்டறைகள் எத்தனையோ இருந்தன. பெயரே தெரியாத பேனாக்கள் பல அவற்றின் படைப்பே.

பழம் பேனாவைச் சோதிப்பவன் முதலில் உடலை நோக்கவேண்டும். பழைய பேனாக்கள் பெரும்பாலும் எபோனைட் என்னும் கந்தகம் கலந்து இறுக்கிய ரப்பரால் கடையப்பட்டவை. விரலால் நன்கு தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை வரும். வெயில் பட்ட கருப்பு எபோனைட் காலப்போக்கில் கபில நிறமாக மங்கும். மூடிக்கு உள்ளே மறைந்த பாகம் கருப்பாகவும் வெளிப்பாகம் பழுப்பாகவும் இருப்பின் அது நல்ல அடையாளம். அழித்துவிட வேண்டிய குறையன்று. செல்லுலாய்டு பேனாவாயின் கற்பூர வாடை வரும். அதனை நெருப்பின் அருகே கொண்டுபோதல் ஆகாது.

அரக்குப் பூச்சுடைய பேனாக்களைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் இங்கேதான் ஏமாற்றமும் அறியாமையும் மிகுதி. நாம் அரக்கு என்று வழங்குவது பூச்சி உமிழும் பிசின். ஜப்பானியர் ‘உருஷி’ என்பதோ ஒரு மரத்தின் பால். அம்மரம் நம் மாமரம், முந்திரி மரம், சேங்கொட்டை மரம் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. சேங்கொட்டைப் பால் பட்டால் உடம்பு புண்ணாகும் என்பதை நாட்டு மருத்துவர் அறிவர். உருஷிப் பாலும் அவ்வாறே தடிப்பை உண்டாக்குவது. மற்றப் பூச்சுகள் வெயிலில் உலர்வன. இதுவோ ஈரக்காற்றிலே இறுகுவது. 1925-ம் ஆண்டில் நாமிகி நிறுவனத்தார் எபோனைட்டின் மீது இவ்வரக்கை ஏற்றும் முறையொன்றுக்குக் காப்புரிமை பெற்று அதற்கு லாக்கனைட் என்று பெயரிட்டனர். நிறம் மங்குதலைத் தடுப்பதே அதன் முதல் நோக்கம். அழகு அதன்பின் வந்தது. ஈரமான அரக்கின் மேல் பொற்பொடி தூவிச் சித்திரம் தீட்டும் ‘மாகி-எ’ என்னும் பழங்கலையைப் பேனாவின் மீது ஏற்றி, 1930-ல் லண்டன் டன்ஹில் கம்பெனியாரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, மேனாடுகளில் விற்றனர். மத்சுதா கொன்ரோகு என்னும் பேராசானின் தலைமையில் 1931-ல் ஒரு கலைஞர் குழுவும் அமைந்தது. அப்பேனாக்களில் கலைஞனுடைய கையொப்பமும் முத்திரையும் நுண்ணிய எழுத்தில் இருக்கும்.

இத்தகைய பேனாவென்று சொல்லி இன்று விற்கப்படுவன பல வெறும் அச்சுப்படம் ஒட்டியவை. திருச்சிராப்பள்ளி செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டுவதில் நெடுங்காலம் பெயர்பெற்ற ஊர். கல்லைப் பார்த்த மாத்திரத்தில் வைரமா அன்றா என்று கூறும் கண்கள் இங்கே உண்டு. அக்கண்கள் செய்வதையே இங்கும் செய்தல் வேண்டும்; உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழே சாய்வெளிச்சத்தில் நோக்கினால், கையால் தூவிய பொற்பொடி ஒழுங்கின்றிச் சிதறியும் கோடுகள் சிறிது மேடாகவும் தோன்றும்; அச்சுப்படம் ஒரே மட்டமான சிறு புள்ளிகளாகத் தோன்றும். போருக்குப் பின் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து செய்த ஒருவகைப் பூச்சும் உருஷிக்கு மாற்றாக வழங்கிற்று. அதனைக் கண்ணால் மட்டும் பிரித்தறிதல் அரிது. ஆகையால் ‘அரக்குப் பேனா’ என்று உறுதியாகச் சொல்பவனிடம், ‘எவ்வாறு அறிந்தீர்?’ என்று கேட்பது தவறாகாது.

அடுத்தது மை நிரப்பும் வகை. பழைய ஜப்பானியப் பேனாக்களிற் பலவற்றுக்குப் பில்லர் என்று நாம் வழங்கும் சொட்டுக் குழாயாலேயே மை ஊற்றவேண்டும். ரப்பர்ப் பை வைத்த பேனாக்கள் புழுக்கமுள்ள நாட்டில் விரைவில் நைந்து போகும். நம் தென்னாட்டிலும் சொட்டுக் குழாய்ப் பேனா நிலைத்து நின்றமைக்குக் காரணம் சிக்கனம் மட்டுமன்று. ஆனால் ஜப்பானியர் அதில் ஒரு நுட்பம் சேர்த்தனர். பேனாவின் அடிக்குமிழைத் திருகினால் உள்ளே ஒரு நீண்ட கம்பி நகர்ந்து, கழுத்துப் பக்கம் மைவழியை அடைக்கும். எழுதத் தொடங்குமுன் குமிழைச் சிறிது தளர்த்த வேண்டும். பையில் வைக்குமுன் இறுக்க வேண்டும். இதனை அறியாதார், குமிழ் இறுகிய நிலையில் எழுதிப் பார்த்து, இரண்டு வரியில் மை நின்றவுடன், பேனா பழுதென்று தள்ளிவிடுகின்றனர். பழுதென்று தள்ளப்பட்டமையாலேயே சேதமின்றித் தப்பியவை பல. இது நகைப்புக்கு இடமானாலும் உண்மை.

இனி நிப்பு. தங்க நிப்பாயின் 14 காரட் என்ற குறியிருக்கும். சீன தேசத்துப் போர் வலுத்த 1938-ம் ஆண்டையொட்டி ஜப்பானில் பேனாவுக்குத் தங்கம் பயன்படுத்துதல் தடுக்கப்பட்டது. ஆதலின் உயர்ந்த அரக்கு வேலையுடைய பேனாவிலும் வெள்ளை உலோக நிப்பு இருக்கக் காணலாம். அதைக் கண்டவுடன், ‘யாரோ மட்டமான நிப்பை மாற்றிவிட்டனர்’ என்று கழற்றி எறிந்து தங்க நிப்புச் செருகுவோர் இருக்கின்றனர். போர்க்காலத்தின் சாட்சியை அழித்துவிட்டு, பேனாவைத் திருத்திவிட்டதாக மகிழ்வோர் இவர்கள்! 1949-ல் அந்நாட்டில் தொழிற்றரச் சட்டம் இயற்றப்பட்டபின் ஜே.ஐ.எஸ். என்னும் தரக்குறி நிப்புகளில் இடம்பெற்றது; எனவே அக்குறியுடைய நிப்பைப் போருக்கு முந்தியதென்று விற்பவன் ஒன்று அறியாதவன், அன்றேல் அறிந்தும் மறைப்பவன். பைலட் நிப்புகளில் எண்களும் உண்டு. ஹெச் என்னும் ஆங்கில எழுத்தின் பின் 576 என்றிருந்தால், ஹிராத்சுகா தொழிற்சாலையில் 1976 மே மாதம் செய்யப்பட்டது என்பது பொருள். இவ்வெண் நிப்பின் மேற்புறத்தில் கழுத்துக்குள் மறைந்திருப்பதும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அரங்கநாதர் கோயிலில் அறுநூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றை வாசித்தறிவோர், திருப்பணி செய்த காலத்தில் பழைய கல்லைப் பெயர்த்துப் புதிய சுவரில் வைத்திருத்தல் கூடும் என்பதை மறவார். கல்லில் உள்ள அரசனுடைய ஆட்சியாண்டு கல்லுக்கே உரியது. சுவருக்கு உரியதென்று கொள்வதற்கு வேறு சான்று வேண்டும். நிப்பின் எண்ணும் அத்தன்மையதே. அது நிப்பின் பிறந்தநாளைச் சொல்லும். உடலும் மூடியும் அதனோடு ஒருங்கு பிறந்தனவா என்பதை வேறு வகையால் ஆராயவேண்டும். ஓர் எண்ணைக் கண்டவுடன் பேனா முழுவதற்கும் சாதகம் எழுதிவிடுவோர் மிகப் பலர்.

நிற்க. இதுகாறும் கூறியவை பொருளைப் பற்றியவை. இவற்றை நூல்களிலும் பிறர் எழுதிய குறிப்புகளிலும் கண்டு எவரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எந்த நூலிலும் காணக்கிடையாத சான்று ஒன்றுண்டு. அதுவே பேனாவை வைத்திருந்த குடும்பத்தார் வாய்மொழி. ‘இது எங்கள் பாட்டனார் ஈப்போவில் வாங்கியது’. ‘என் தகப்பனாருக்குப் பரீட்சையில் தேறியபோது மாமா கொடுத்தது’ என்று ஒருவர் சொல்லும் சொல் எந்த முத்திரையும் தரமாட்டாத செய்தியைத் தருகின்றது. ஒரே வகைப் பேனா பத்து வீடுகளிற் கிடைத்து, பத்தும் பினாங்கிலே வாங்கப்பட்டன என்று தெரியவருமாயின், அது வாணிப சரித்திரத்துக்கு ஒரு புதிய ஏடு. ஒருமுறை இழந்தால் மீளாத இச்சான்றே நம்மூரில் நாள்தோறும் இழக்கப்படுகின்றது. எதனாலே என்றால், வாங்குவோருடைய களவுள்ளத்தினாலே.

கடுஞ்சொல் என்று கருதற்க. சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீரங்கத்தில் நான் அறிந்த ஒரு மூதாட்டியார் வீடு மாறும்போது, தம் கணவர் வைத்திருந்த பேனாக்கள் ஆறினை ஒரு டப்பியோடு முந்நூறு ரூபாய்க்குக் கொடுத்தார். வாங்கியவர் கற்றவர், பேனாக்களின் வகைகளை நன்கு அறிந்தவர். ‘பழைய பிளாஸ்டிக்குத்தான் அம்மா, எதற்கும் உதவா, என் பிள்ளைகள் விளையாடும்’ என்று சொல்லிப் பெற்றுச் சென்றார். அவற்றுள் ஒன்று போருக்கு முற்பட்ட அரக்குப் பேனா. அதனை அவரே பின்னர்ப் பலரிடம் காட்டிப் பெருமை பேசினார்; எத்தனை மடங்கு விலை பெறும் என்றும் கணக்கிட்டுச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்துப் பாராட்டினர். பேனா சேர்ப்போர் கூட்டத்தில் இத்தகைய கதை வீரக் கதையாகவே வழங்குகின்றது.

அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். ‘பல்லாண்டு கற்ற அறிவு எனக்கு முதல், அம்முதலுக்கு வட்டி வேண்டாவா? அவ்வம்மையார் அதனைக் குப்பையில் எறிந்திருப்பார். நான் காப்பாற்றினேன்’ என்பது அவர் வாதம். இதில் சிறிதும் உண்மையில்லை என்று சொல்ல மாட்டேன். கடை வைத்து வணிகம் செய்பவன் தன் சரக்கின் விலையைத் தான் அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவன். சின்னக்கடை வீதியிலே பழம்பொருள் விற்பவன் சொன்ன விலைக்கு ஒருவர் அருமையான பேனாவை வாங்கினால் அதில் குற்றமில்லை. நாளை அதே கடைக்காரன் அவரிடம் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவிடுவான். ஆனால் வணிகமே அறியாத வீட்டாரிடம், கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லிப் பெறுதல் வேறு. உரைகல்லைக் கையில் வைத்திருக்கும் தட்டான், பொன் கொண்டுவந்த விதவையிடம் ‘இது பித்தளை’ என்று சொல்லி வாங்கினால், அவனுடைய தொழிலறிவை மெச்சுவார் உண்டா?

அறம் ஒருபுறம் இருக்கட்டும். ஆராய்ச்சிக்கே இதனால் விளையும் கேட்டைப் பாருங்கள். விலையை மறைப்பவன் வினாவையும் விழுங்கவேண்டியவனாகின்றான். ‘இதனை உங்கள் கணவர் எங்கே வாங்கினார்? எந்த ஆண்டில்? அவர் மலேயாவில் இருந்தாரா? பெட்டியோ ரசீதோ உண்டா?’ என்று அவர் கேட்டிருந்தால், அம்மையார் உடனே, ‘இவர் ஏன் இவ்வளவு விசாரிக்கின்றார்?’ என்று ஐயுற்றிருப்பார். ஆகவே அவர் கேட்கவில்லை. டப்பி மட்டும் கைமாறிற்று. செய்தி அம்மையாரோடே நின்றுவிட்டது. இப்போது அவருமில்லை. அப்பேனாவின் காலத்தையும் வந்த வழியையும் பற்றி வாங்கியவர் இன்று கூறுவனவெல்லாம் ஊகமே. உண்மை விலையைச் சொல்லி, அதிற் பாதியையாவது கொடுத்திருந்தால், பேனாவோடு அதன் சரித்திரமும் அவருக்குக் கிட்டியிருக்கும்.

இதனோடு தொடர்புடைய மற்றொன்று, பேனாவின் மீது வெட்டிய பெயர். பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கமுடைய நம்மவர் பேனாவிலும் வெட்டிக்கொண்டனர். பேனா விற்ற கடையிலேயே சிறு காசுக்கு வெட்டிக் கொடுப்பதுமுண்டு. மேனாட்டுச் சேகரிப்போர் இதனைக் குறையென்று எண்ணி விலையைத் தாழ்த்துகின்றனர். அவர்களைப் பின்பற்றி நம்மவரும் பெயரைத் தேய்த்து மழித்து மெருகேற்றி விற்கின்றனர். இச்செயலை என்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ள இயலாது. தொழிற்சாலையில் ஒரே அச்சாக ஆயிரம் பேனாக்கள் பிறந்தன. பெயர் வெட்டியபோதுதான் அவற்றுள் ஒன்று தனியாயிற்று. தமிழெழுத்தில் வெட்டிய பெயருடைய ஜப்பானியப் பேனாவைவிட அரிய பேனா யாது? அதனைத் தேய்ப்பவன் அரியதை எளியதாக்குகின்றான். அதற்கு மேலும் ஒரு விலை கேட்கின்றான்.

தேடுவோர் கண்ணில் படாத வேறொரு வகையையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். இறக்குமதி கட்டுப்பட்டபின், ஜப்பானியப் பைலட் நிறுவனத்தின் தொடர்போடு சென்னையிலேயே பைலட் பேனாக்கள் செய்யப்பட்டன. நம் பெற்றோரும் ஆசிரியரும் பரீட்சை எழுதியவற்றுள் அவையும் உண்டு. ஜப்பானில் செய்த பைலட்டுக்குப் பட்டியல்கள் உள. ஆண்டுவாரியாக விளக்கம் எழுதுவோர் உளர். சென்னைப் பைலட்டையோ, ‘மேட் இன் இந்தியா’ என்று கண்டவுடன் நம்மவரே கீழே வைத்துவிடுகின்றனர். எந்த ஆண்டில் எந்த வடிவம் வந்தது, எந்த நிப்பு எங்கே செய்யப்பட்டது என்று ஒழுங்காக எழுதிவைக்க இவ்வூரில் முன்வருவார் ஒருவருமில்லை. தோக்கியோவில் உள்ளவர் இதனைச் செய்யமாட்டார். நியூயார்க்கில் உள்ளவருக்கு அப்பேனாக்கள் கிட்டா. நமக்கே எளிதாகக் கிட்டுவதும் நாமே எழுதக் கூடியதுமான இவ்வேட்டை விட்டுவிட்டு, டன்ஹில் பேனா கனவில் காலங்கழிக்கின்றோம்.

நம் தென்னாட்டுக் கைவினைப் பேனாக்களின் செய்தியும் இதுவே. இராஜமகேந்திரபுரத்தில் 1932-ல் கே. வி. ரத்னம் தொடங்கிய சுதேசிப் பேனாவைப் பெற்றுக் காந்தியடிகள் 1935-ல் எழுதிய கடிதம் பலரும் அறிந்தது. சென்னைப் பாரிமுனையில் ஜெம் அண்டு கம்பெனியார் 1920-களிலிருந்து பேனா வாணிபம் நடத்தி, காமா என்னும் பெயரால் எபோனைட் பேனாக்களைத் தந்தனர். திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் கையாற் கடையப்படுகின்றன. ஜப்பானியக் கடைசற்காரர் காலால் இயக்கும் கடைசற்பட்டடையில் எபோனைட் கோலை வைத்துக் கடைந்தனர். நம்மவர் செய்ததும் செய்வதும் பெரும்பாலும் அதுவே. ஒரே மூலப்பொருள், ஒரே சொட்டுக் குழாய், ஏறக்குறைய ஒரே கருவி. அவர்கள் தம் பட்டறைகளின் பெயரையும் கடைசற்காரர் பெயரையும் எழுதிவைத்தனர், நாம் எழுதவில்லை.

ஆதலின் நமது கல்லூரியிலே செய்யத்தக்கதொரு சிறு வேலையை முன்மொழிகின்றேன். பேனாக்களைச் சேர்க்கவேண்டுவதில்லை, அதற்குப் பணமும் வேண்டும், பூட்டும் வேண்டும். பதிவேடு ஒன்று போதும். நூல்நிலையத்திலே அதனை வைத்து, மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் தத்தம் இல்லங்களில் உள்ள பேனாவைக் கொணர்ந்து பதிவு செய்துகொண்டு, பேனாவைத் திரும்ப எடுத்துச் செல்லலாம். நீளம் இத்தனை மில்லிமீட்டர், உடல் எப்பொருள், மை நிரப்பும் வகை யாது, நிப்பிலும் உடலிலும் உள்ள எழுத்துகள் யாவை, பெயர் வெட்டப்பட்டுள்ளதா என்பவற்றை எழுதி, ஒரு படமும் எடுத்துவைத்தல் வேண்டும். பௌதிக சாஸ்திரப் பகுதியாரிடம் உருப்பெருக்கிக் கருவி உண்டு. சரித்திரப் பகுதியாருக்கோ இதனைவிட எளிதில் கிடைக்கும் மூலச்சான்று வேறில்லை. மதிப்பு மிக்க பேனா என்று தெரியவந்தால் அதனை உரியவருக்கு அங்கேயே சொல்லிவிட வேண்டும். பதிவேட்டைக் காண்போர் யாரும் அதனைக் கொண்டு உரியவரிடம் விலைபேசச் செல்லலாகாது என்பதும் முதல் ஏட்டிலேயே எழுதப்பட வேண்டும்.

பேனாவைக் கொணர்வோர்க்குச் சில சொற்கள். வெந்நீரில் ஊறவிடாதீர், பழைய எபோனைட் உடனே நிறம் மாறும். நிப்பைக் கழற்றாதீர், நாக்கில் வறண்டிருக்கும் மையையும் கழுவாதீர், எந்த மை என்பதும் ஒருநாள் வினாவாகலாம். பற்பசையால் தேய்த்துப் பளபளப்பேற்றும் ஆசையை அடக்குக. பேனாவை அப்படியே ஒரு துணியில் சுற்றிக் கொணர்க. அதற்கு முன்னரே செய்யவேண்டியது ஒன்றுண்டு. மலேயாவிலும் பர்மாவிலும் இருந்து மீண்டவர்களைத் தம் இளமையிற் கண்டு, அவர்கள் பெட்டி திறந்தபோது அருகிருந்தவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். இக்கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர் அவர்களிடம் அமர்ந்து, பேனா யாருடையது, எந்தக் கப்பலில் வந்தது, யார் கொடுத்தது என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே தேதியிட்டு எழுதி வருக.